நாட்டுக்கோழிக்கும் நோய் வரும்

“நாட்டுக்கோழிக்கு நோயே வராது. மருந்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், அவிழ்த்துவிட்டால் போதும்.” வெயில் ஏறத் தொடங்கி, ஊருக்கு ஊர் கோழிகள் சுருண்டு விழும் இந்த நாட்களிலும் இந்தப் பேச்சு ஓயவில்லை. குஞ்சு விற்கிறவர் சொல்கிறார். பண்ணை வைக்கக் கற்றுத்தருவதாகக் காணொளி போடுகிறவர் சொல்கிறார். பட்டணத்திலிருந்து வந்து கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் போகிறவரும் அதையே சொல்லிப் பெருமைப்படுகிறார். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. இதை நம்பியதால் இந்த மூவருக்கும் ஒரு காசு நட்டமில்லை. வீட்டுக்குப் பின்னால் பத்துக் கோழி வளர்த்து, அந்த முட்டைக் காசில் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிற பெண்ணின் பஞ்சாரம்தான் ஒரே வாரத்தில் காலியாகிறது.

வெள்ளைக்கழிச்சல் ஒன்றே இந்த நம்பிக்கையை உடைக்கப் போதும். மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்று சொல்வது இதைத்தான். இன்றைய உத்தராகண்டின் மலையூரான ராணிக்கெட்டில் 1920களின் பிற்பகுதியில் இந்த நோய் பதிவானது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகளைக் கொன்றதும் இதே வைரஸ்தான். அன்று ராணிக்கெட்டில் பிராய்லர் ஏது? கூண்டில் அடைத்த முட்டைக்கோழி ஏது? இந்தியாவில் பிராய்லர் வளர்ப்பு பெருந்தொழிலாகத் தலையெடுத்தது 1970களில். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, குப்பையைக் கிளறி, புழு பூச்சி தின்று, மரத்தில் அடைந்த கோழிகளை இந்த நோய் வாரிக்கொண்டு போனது. “பண்ணைக்கோழியால் வந்த நோய், நாட்டுக்கோழியை அண்டாது” என்பவர்கள் முதலில் ராணிக்கெட்டுக்குப் பதில் சொல்லட்டும். 2021 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவில் கடக்நாத் கருங்கோழிகளுக்குப் பறவைக்காய்ச்சல் உறுதியானதே, அதைவிட நாட்டுத்தனமான இனம் வேறு எது?

“பலவீனமானது சாகும், வலுவானது தப்பும், அதன் குஞ்சுகளும் வலுவாக இருக்கும்” என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்கிறார்கள். நாட்டுக்கோழி வெயிலைத் தாங்கும், கிடைத்ததைத் தின்னும், பருந்தைக் கண்டால் பதுங்கும்; இவையெல்லாம் உண்மை. ஆனால் வெயிலைத் தாங்கும் உடம்பு வைரஸையும் தாங்கும் என்பது எந்தக் கணக்கு? கழிச்சலில் பிழைத்த கோழியின் உடலில் அந்த நோய்க்கான எதிர்ப்பு சிறிது காலம் இருக்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்சம் போகும், சில வாரங்களில் கரைந்துவிடும். அடுத்த ஈட்டில் பொரிக்கும் குஞ்சுகள் மறுபடி வெறுங்கையோடுதான் நிற்கின்றன. இயற்கையாகவே எதிர்ப்பு வளர்ந்திருந்தால், ராணிக்கெட் கண்டு நூறாண்டை நெருங்கும் இந்நேரம் கிராமத்துக் கோழிகள் இந்த நோயை மறந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனியில் சாவு விழுகிறதே, ஏன்?

நோஞ்சான் என்று இவர்கள் பழிக்கும் முட்டைக்கோழிகள் நாமக்கல் வட்டாரத்தில் ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கில் உயிரோடு இருக்கின்றன. “அதெல்லாம் ஆன்டிபயாடிக் தயவு” என்று உடனே மறுப்பு வரும். கோழித்தொழிலில் ஆன்டிபயாடிக் வரம்பு மீறுவது கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. அந்தக் கோழிகளைக் காப்பது குறித்த நாளில் போடும் தடுப்பு மருந்தும், வெளியாளையும் வெளிக்கோழியையும் உள்ளே விடாத கட்டுப்பாடும்தான். அதே மருந்து நம் கொல்லைக்கும் உண்டு: ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஆர்2பி ஊசி. பத்துக் கோழிக்கு ஒரு குப்பி உடைப்பது கட்டாது என்றால் தெருவே சேர்ந்து ஒரே நாளில் போடலாம். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் அரசு நிலையம் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீவனம்போல் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையே கிராமத்துக் கோழிகளுக்காக உருவாக்கியது. நோயே வராத கோழிக்கு எதற்கு இவ்வளவு பாடு?

“ஊசி போட்ட பிறகுதான் கோழி செத்தது” என்பது அடுத்த குற்றச்சாட்டு. கிருமி உள்ளே போன பிறகு நோய் வெளியே தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள், சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகும். பக்கத்து வீட்டில் சாவு விழுந்த பிறகு ஓடிப்போய் ஊசி போட்டால், கிருமி ஏற்கெனவே ஏறிய கோழி சாகத்தான் செய்யும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கொண்டுவந்த மருந்தும் வேலை செய்யாது. காலம் தவறியதும் குளிர்ச்சி தவறியதும் மனிதர்களின் பிழை; பழி மருந்தின் மேல் விழுகிறது. கீழாநெல்லியும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. தடுப்பு மருந்துக்குப் பதிலாக அதை வைப்பதுதான் தவறு.

இந்த நம்பிக்கையின் பெரிய கேடு, அது கண்ணைக் கட்டிவிடுவது. கோழி தன் நோயை மறைக்கும் பிராணி. தளர்ச்சியைக் காட்டினால் எதிரிக்கு இரையாகும். ஆகவே காலையில் பஞ்சாரம் திறந்ததும் எது கடைசியாக வருகிறது, எது ஒதுங்கிக் கண்மூடி நிற்கிறது, எதன் இறக்கை தொங்குகிறது, அடையும் நேரத்தில் எதன் இரைப்பை காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிவதும், வாய் திறந்து மூச்சு வாங்குவதும், கழுத்து முறுக்கிக்கொள்வதும் தெரியும் நேரத்தில் கை மீறியிருக்கும். நோயே வராது என்று நம்புகிறவர் இதில் எதையும் பார்ப்பதில்லை. முதல் கோழி சுணங்கும்போது “வெயில் சூடு” என்பார், மூன்றாவது சாகும்போது “கண்ணேறு” என்பார், மிச்சமிருப்பதை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோவார். இதை மன்னிக்கவே முடியாது. அந்தக் கூடையோடு நோயும் நாலு ஊருக்குப் போகிறது. செத்ததை வாய்க்காலில் வீசுகிறவர் அதை ஐந்தாவது ஊருக்கும் அனுப்புகிறார். சுணங்கியதைத் தனியே அடைத்து, நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே அதனிடம் போவதும், செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைப்பதும், மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் சொல்வதும் ஊருக்குச் செய்யும் கடமை.

அரசையும் விட்டுவிட முடியாது. பிப்ரவரியில் கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம் நடத்திவிட்டு அடுத்த பிப்ரவரிக்குக் காத்திருந்தால், சித்திரையிலும் ஆவணியிலும் பொரிக்கும் குஞ்சுகளுக்கு யார் பொறுப்பு? கோழிக்கு முகாம் ஆண்டில் மூன்று முறையாவது கிராமத்துக்கு வர வேண்டும். குஞ்சு விற்கிறவர்கள் “நோய் வராது” என்று சொல்வதை நிறுத்தி, என்ன மருந்து எந்தத் தேதியில் போட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாட்டுக்கோழியின் பெருமை பேசுகிறவர்கள் அந்தப் பெருமைக்காக ஒரு சொட்டு மருந்து போடட்டும். மருந்து கையில் இருக்கும்போது சாகவிட்டுவிட்டு, அதற்கு இயற்கை என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.