ஃபார்மட் போடும் முன்

சிஸ்டம் மேசைமேல் ஏறியதும் நம் கடைகளில் முதலில் எழும் சொல், “ஃபார்மட் போட்டுடலாம்.” பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றும் முன்பே, சில சமயம் போனில் பேசும்போதே சொல்லிவிடுகிறோம். வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். என்ன கோளாறு என்று அவர்கள் கேட்பதில்லை, ஃபார்மட்டுக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். இந்தப் பழக்கம் நம் தொழிலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதைப் பற்றி இந்த இதழில் மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

போன மழைக்காலத்தில் என்னிடம் ஒரு பழைய டெஸ்க்டாப் வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருடையது. வேறொரு கடையில் புதிதாக ஓஎஸ் போட்டு, “டி டிரைவைத் தொடவே இல்லைம்மா, எல்லாம் பத்திரமா இருக்கு” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னது உண்மைதான், கோப்புகள் அப்படியே இருந்தன. ஆனால் திறந்தால் தமிழ் இல்லை. வரிவரியாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கேட்டெழுதிய தாலாட்டும் ஒப்பாரியும் அவை, பல வருட உழைப்பு. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள். எழுத்துரு இருந்த இடம் சி டிரைவ், அது ஃபார்மட்டோடு போய்விட்டது. ‘த’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஆங்கில ‘ஜே’ இருந்ததைப் பார்த்து பாமினி என்று பிடித்தேன். எழுத்துருவைத் தேடிப் போட்டதும் பாடல்கள் திரும்பி வந்தன. தலைப்புகளுக்கு அவர் வைத்திருந்த இன்னொரு எழுத்துரு எது என்று கடைசிவரை தெரியவில்லை. அவற்றை அவரே மறுபடி தட்ட வேண்டியதாயிற்று.

அவர் அந்த முதல் கடைக்குப் போனதே, இணையதளம் எதைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வந்ததால்தான். ஃபார்மட்டுக்குப் பிறகும் அதே எச்சரிக்கை வர, என்னிடம் கொண்டுவந்தார். மதர்போர்டில் இருந்த சிஆர்2032 செல் தீர்ந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் சொல்லத்தானே செய்யும்? செல்லை மாற்றி, தேதியைத் திருத்தியதும் சரியாகிவிட்டது. திரையின் வலது மூலையில் இருந்த தேதியை ஒருவர் பார்த்திருந்தால் போதும்.

பழுது பார்ப்பதா, ஓஎஸ் புதிதாகப் போடுவதா என்ற கேள்விக்கு விண்டோஸில் பதில் தேடக் கூடாது. முதலில் டிஸ்க்கைக் கேட்க வேண்டும். கெட்டுக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஃபார்மட் போட்டாலும் சிஸ்டம் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். குவிக் ஃபார்மட் அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது, டிஸ்க் முழுவதையும் தொடுவதில்லை. புது விண்டோஸ் நல்ல செக்டார்களில் போய் உட்கார்ந்துவிட்டால், கெட்ட இடம் தற்காலிகமாக வழியிலிருந்து விலகிக்கொள்ளும். சில மாதத்தில் டேட்டா நிரம்பி அந்த இடத்துக்கு வரும்போது சிஸ்டம் மறுபடி திணறும். வாடிக்கையாளர் இரண்டாவது ஃபார்மட்டுக்கு வருவார். முதல் தடவையே காப்பாற்றியிருக்க வேண்டிய படங்கள் அதற்குள் போயிருக்கும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளையும் பாருங்கள். மாற்றப்பட்ட செக்டார், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார், திருத்தவே முடியாத செக்டார் ஆகியவற்றின் கணக்கு அங்கே இருக்கிறது. எண்கள் ஹெக்ஸில் தெரியும், 10 என்றால் பதினாறு என்பதை மறக்கக் கூடாது. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். சி5 ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்கில் செக் டிஸ்க் ஓட்டுவதை நான் தவறு என்றே சொல்வேன். ஏற்கெனவே தடுமாறும் ஹெட்டை டிஸ்க் முழுவதும் இழுத்தடிக்கும் வேலை அது. அந்த நிலையில் செய்ய வேண்டியது டிடி ரெஸ்க்யூ. நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பிரதி கைக்கு வந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

ராம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழற்றி, ரப்பரால் தேய்த்துப் போடுவது நமக்கெல்லாம் கைவந்த வேலை. அதோடு நிறுத்தாமல் ஒரு இரவு மெம்டெஸ்ட்டும் ஓடட்டும். கெட்ட ராமோடு போடும் விண்டோஸ், போடும்போதே கெடுகிறது.

டிஸ்க்கும் ராமும் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால், ஃபார்மட்டுக்கு முன் இன்னொரு படி இருக்கிறது. டிஐஎஸ்எம் ஓட்டி, அதன் பிறகு எஸ்எஃப்சி. அதிலும் சரியாகவில்லை என்றால், விண்டோஸுக்கு உள்ளிருந்தபடியே ஐஎஸ்ஓவின் செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள் என்று கொடுங்கள். விண்டோஸ் மட்டும் புதிதாகும், எழுத்துரு முதல் பிரிண்டர் வரை பெரும்பாலும் இருந்தபடி இருக்கும். மொழியும் எடிஷனும் ஒன்றாக இருக்க வேண்டும். இத்தனை நல்ல வழியை நம் கடைகளில் ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

புதிதாகப் போட்டே தீர வேண்டிய இடங்களும் உண்டு. பேங்க்கிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி யாரோ ரிமோட்டில் உள்ளே நுழைந்த சிஸ்டத்தை ஸ்கேன் செய்து, சுத்தமாகிவிட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். அதில் ஒரு குடும்பத்தின் நெட் பேங்கிங் இருக்கிறது. அங்கே பார்ட்டிஷனையே அழித்துப் போடுவதுதான் பொறுப்பான வேலை, பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றச் சொல்வதும் சேர்த்து. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய சிஸ்டத்தில் அதையே மறுபடி போட்டுக் கொடுத்தால், அதையும் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். பிரவுசர் மட்டும் போதும் என்பவருக்கு லினக்ஸ் மின்ட்டைக் காட்டிப் பாருங்கள்.

போடுவது என்று முடிவான பிறகும் சில கேள்விகள் மிச்சம். டேலி இருக்கிறதா, லைசென்ஸை சரண்டர் செய்தாயிற்றா? அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு எங்கே? பெரும்பாலான பிரவுசர்களின் ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்ட் வராது. அதன் சாவி பழைய விண்டோஸ் கணக்கோடு கட்டுண்டது. புது லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கக்கூடும். பயாஸைத் தொடும் முன் 48 இலக்க ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் தட்டுபவர் என்றால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்து வையுங்கள்.

இவ்வளவும் செய்ய நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஃபார்மட்டுக்குக் காசு உண்டு, கண்டுபிடிப்பதற்குக் காசு இல்லை என்று விலைப்பட்டியலை வைத்தவர்கள் நாம்தான். ஒரு மணி நேரம் பார்த்து, செல்தான் தீர்ந்திருக்கிறது என்று சொல்பவருக்கு அந்தச் செல்லின் விலை மட்டும் கிடைத்தால், அடுத்த முறை அவரும் ஃபார்மட்தான் போடுவார். சோதனைக் கட்டணத்தைத் தனியாகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. எங்கள் கடையில் அப்படி எழுதிவிட்டோம். வேலைச்சீட்டில் நான்கு வரி சேர்த்திருக்கிறோம்: டிஸ்க் நிலை, ராம் சோதனை, எடுத்து வைத்தவை, வாடிக்கையாளர் ஒப்புதல். நான்காவது வரியில் கையெழுத்து விழாமல் யாரும் பார்ட்டிஷனைத் தொடக் கூடாது. உங்கள் கடைச் சீட்டில் என்ன வரிகள் இருக்கின்றன என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வருவதையெல்லாம் சேர்த்துப் பொதுவான ஒரு சீட்டைத் தயாரித்து, அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் கிழித்தெடுத்துப் பயன்படுத்தும்படி அச்சிடுகிறோம்.