வெள்ளவத்தை: வீடா, விடுதியா?

காலி வீதியிலிருந்து மேற்கே பிரியும் எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் சில நிமிட நடையில் கடல் எதிரே வந்து நிற்கும். வெள்ளவத்தைக்கு இயற்கை வழங்கிய கொடை இது. மரைன் டிரைவ் ஓரமாக நின்று, புகையிரதப் பாதைக்கு அப்பால் பாறைகளில் அலை மோதுவதையும், மாலைச் சூரியன் நீரில் இறங்குவதையும் காண்பதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. ஆனால், இதே கரையிலே கோடிக்கணக்கில் பணங்கொட்டித் தொடர்மாடியில் வீடு வாங்கிய நம்மவரின் நிலை என்ன? மாடத்துக்கு இரும்புக் கம்பி. சன்னலுக்குத் தடித்த திரை. கதவுக்கு மூன்று பூட்டு. அடுத்த வீட்டில் இருப்பவர் யாரென்று கேட்டால், தெரியாது என்பதே விடை. வாங்கியது வீடு, வாழ்வதோ விடுதியில் தங்குவோரைப் போல!

அந்த வீடு எவ்வாறு வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் நட்டுச் சேர்த்த பணம் அது. கிளிநொச்சியில் வயல் விற்ற பணம். மகன் கனடாவில் இரவுவேலை செய்து அனுப்பிய பணம். மகளுக்குச் சீதனமாகக் கொழும்பில் ஒரு வீடு வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதனால் மூன்று பரப்புத் தோட்டக்காணியைக் கைவிட்ட தந்தையர் எத்தனை பேர்! இத்தனை வியர்வை சிந்தி வாங்கிய இடத்தில் அச்சத்தோடு ஒதுங்கிக் கிடப்பதற்கா அந்தக் காணி விற்கப்பட்டது?

அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று நாம் கூறவில்லை. 1958இல் இதே வெள்ளவத்தைத் தமிழர் அகதிகளாகிக் கப்பலேறி வடக்கே சென்றனர். 1977இல் மீண்டும் அடி. 1983 ஜூலையில், வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இது தமிழன் வீடு என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். பெயர் எழுதப்பட்ட காகிதமே யமனின் ஓலையாகியது. அன்று தொட்டு, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதிருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மவர் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. இது கோழைத்தனமன்று, சூடு கண்ட பூனையின் அறிவு.

ஆயினும், பட்டியலில் இல்லாதவனுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் விடியற்காலையிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிற் பொலிசார் புகுந்து, 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பிலே தங்குவதற்குத் தக்க காரணம் இல்லாதோர் என்பதே அவர்கள்மீது சொல்லப்பட்ட குற்றம். ஒரு குடிமகன் தன் நாட்டின் தலைநகரில் இருப்பதற்குக் காரணம் கூறவேண்டுமாம்! அடுத்த நாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நடமாடவும் வதிவிடத்தைத் தெரிவுசெய்யவும் ஒவ்வொரு பிரஜைக்கும் சுதந்திரம் உண்டென்று அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை கூறுகிறது. பிரதமராயிருந்த இரத்தினசிறி விக்கிரமநாயக்க அவர்களும் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. பஸ் ஏற்றப்பட்டோர் விடுதிக்காரர். ஊரிலே வேரில்லாதவர் என்று எண்ணப்பட்டதாலேயே அவர்களை அத்தனை எளிதாக வாரியெடுக்க முடிந்தது. சொந்த வீட்டை வைத்துக்கொண்டு நாமும் வேரில்லாதவராய் இருப்பது எந்த வகையிற் பாதுகாப்பாகும்?

சட்டம் தந்த ஓர் உரிமையை முதலிற் கூறுவோம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், மாடிவீடு வாங்கியவனை நான்கு சுவருக்கு மட்டும் சொந்தக்காரனாக்கவில்லை. படிக்கட்டு, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, லிப்ட், முற்றம் ஆகிய பொது உடைமைகளிலும் அவனுக்குப் பங்குண்டு. வீட்டுச் சொந்தக்காரர் யாவரும் அங்கத்தவராகவுள்ள முகாமைக் கூட்டுத்தாபனம் ஒன்று உண்டு. அதில் அவனுக்கு வாக்குண்டு. பராமரிப்புப் பணத்தை அறவிடும் அதிகாரமும் அக் கூட்டுத்தாபனத்துக்கு உண்டு.

இருந்தென்ன? அண்மையில் ஒரு தொடர்மாடியின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஆலோசனை கூற அழைக்கப்பட்டுச் சென்றோம். வீடுகள் நாற்பது, வந்தவர் ஏழு பேர். அவர்களுள்ளும் இருவர், கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டா என்று அறிய வந்தவர்கள்போலத் தோன்றினர். பல மாதங்களாக லிப்ட் ஓடவில்லை. ஐந்தாம் மாடியிலுள்ள ஒரு முதியவர் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். வராத முப்பத்துமூன்று வீட்டாருள் ஒரு பொறியியலாளர், இரண்டு கணக்காளர்கள், ஒரு வைத்தியர். வெட்கத்தோடு சொல்கிறோம், எமது தொழிலைச் சேர்ந்த ஒருவரும் உண்டு. நாட்டின் கணக்கையெல்லாம் பார்க்கும் நம்மவருக்குத் தம் படிக்கட்டின் கணக்கைப் பார்க்க நேரமில்லை!

எமது கமக்கார வாசகர்கள் இதைக் கேட்டு நகைப்பார்கள். இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகம் செய்பவன் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பானா? எந்த நாளில் நீர் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது, எவர் எந்த வாய்க்காலைத் துப்புரவு செய்வது என்பன அங்கேதான் தீர்மானமாகின்றன. போகாதவன் வயல் காயும். வயலை விற்று மாடி வாங்கியவன், வாய்க்காற் புத்தியையும் சேர்த்து விற்றுவிட்டானோ?

கடலோரக் கட்டடத்துக்கு இக் கவனயீனம் கொடிய நோய். கடற்காற்றின் உப்பு கொங்கிறீற்றினுள் நுழைந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருவாக்குகிறது. துருவேறிய கம்பி பருக்கிறது. பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கிறது. பிளவின் வழியே மேலும் உப்பும் நீரும் இறங்குகின்றன. ஒருவன் தன் வீட்டின் உட்சுவருக்கு எவ்வளவு உயர்ந்த பூச்சுப் பூசினாலும், வெளித்தூண் வெடித்தால் நாற்பது வீடும் சேர்ந்தே வெடிக்கும். காலத்துக்குக் காலம் வெளிப்பூச்சும், மொட்டைமாடி நீர்க்கசிவைத் தடுத்தலும், குழாய் மாற்றுதலும் கூட்டாகச் செய்யவேண்டியவை. இதற்குச் சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்ற பேதமில்லை. கீழ்மாடிச் சிங்களக் குடும்பத்தோடு அமர்ந்து தூணைப்பற்றிப் பேசிய தமிழன், அக் குடும்பத்துக்கு வெறும் பெயராகவோ பட்டியலின் ஒரு வரியாகவோ இரான். 1983இலும் அயலவரைத் தம் வீட்டுள் ஒளித்துவைத்துக் காத்த சிங்களவர் இருந்தனர். அறிமுகமே அவர்களிற் பலரை அச் செயலுக்குத் தூண்டியது.

கரையின் நிலை வேறு. வெள்ளவத்தைக் கால்வாய் நகரின் குப்பையைச் சுமந்துகொண்டு கடலில் விழுகிறது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபோது, பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. சூழல் அமைப்பினரும் மீனவரின் பிரதிநிதிகளும் நீதிமன்றம் சென்றனர். 2025 ஜூலையில் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர வீட்டுக்காரராகிய நம்மவர் அவ் வழக்கை வேறொரு நாட்டுச் செய்தியைப் போலப் படித்துவிட்டுத் தாளை மடித்தனர்.

இனி, மாநகர சபை. சோலைவரியைத் தவறாது கட்டுகிறோம். ஆனால் 2025 மே 6ஆம் நாள் கொழும்பு மாநகர சபைக்குத் தேர்தல் நடந்தபோது, பெயர் இன்னும் ஊரிலே பதிவாகியிருப்பதனாலோ எங்குமே இல்லாததனாலோ வாக்களிக்க முடியாது வீட்டிலிருந்தவர் பலரை நாம் அறிவோம். வரி கொடுப்பவன், வடிகாலைத் திருத்து என்று கேட்கும் வாக்கை மட்டும் கைவிட்டுவிட்டான். ஒன்று மட்டும் காண்கிறோம்: பிள்ளைக்கு ஐந்து வயதாகி, முதலாம் வகுப்பு அனுமதிக்கு இடாப்புப் பிரதி வேண்டும் என்றவுடன், அதுவரை பட்டியலைக் கண்டு அஞ்சியவர் கிராம அலுவலரின் வாசலில் முதல் ஆளாய் நிற்கிறார்!

நம் அரசியல் நண்பர் சிலர் சினப்பர். வடக்குக் கிழக்குத் தாயகத்துக்காகப் போராடும் நாம் கொழும்பில் வேரூன்றச் சொல்லலாமா என்பர். தாயகக் கோரிக்கை எம் உயிர்க்கொள்கை. அதில் ஓர் அங்குலமும் பின்வாங்கோம். ஆனால் அக் கோரிக்கை, நாட்டின் வேறிடங்களிற் சமமாக வாழும் உரிமையை விலையாகக் கொடுத்துப் பெறுவதன்று. இவ்வாறு மேடையில் முழங்கும் பெரியோர் சிலரின் வெள்ளவத்தை முகவரியை நாம் அறிவோம்; நாகரிகம் கருதி எழுதாது விடுகிறோம்.

அடுத்த முறை வாக்காளர் படிவத்தோடு கிராம அலுவலர் வந்து கதவைத் தட்டும்போது, மூன்று பூட்டையும் திறந்து, வீட்டிலுள்ள வயதுவந்தோர் எல்லோரின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். தொடர்மாடிக் கூட்டத்தின் அறிவித்தல் லிப்ட் வாசலில் ஒட்டப்பட்டிருக்கும், நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் வழக்கமாக ஞாயிறு மாலை. சற்று முன்னதாக இறங்கினால், கடற்கரை வரை ஒருமுறை நடந்துவிட்டு வரவும் நேரமிருக்கும்.