லட்ச ரூபாய் ஊசியும் வேளைக்கு வேண்டிய மாத்திரையும்

பார்க்கின்சன் நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை வந்துவிட்டது என்ற பேச்சு முழுப் பொய் அல்ல. ஆய்வகத்தில் வளர்த்த, இந்நோயில் குறைந்துபோகும் டோபமினைச் சுரக்கும் முன்னோடிச் செல்களை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஏழு பேரின் மூளையில் வைத்தார்கள். பலன் அளக்கப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, வழக்கமாக எடுக்கும் மாத்திரையின் வேகம் அடங்கிய நேரத்திலும் கைகால் அசைவு தேறியதாக 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. மண்டையோட்டில் துளையிட்டு, உடலின் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி, இரண்டாண்டு கண்காணித்த பிறகு கிடைத்த முடிவு. அதுவும் ஏழே பேரிடம்.

இந்தச் செய்தியைக் காட்டி இங்கே விற்கப்படுவது வேறு சரக்கு. இடுப்பெலும்பில் மஜ்ஜையை உறிஞ்சி முதுகுத்தண்டில் ஏற்றுகிறார்கள். அது மூளைக்குப் போய் டோபமின் சுரக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ரத்த நோய்கள் தவிர மற்றவற்றுக்கு, அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது முறைகேடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. பரிசோதனை என்றால் பதிவு எண் இருக்கும். நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள். காசு வாங்கும் மையங்கள் மீது மாநிலச் சுகாதாரத் துறை ஏன் தானாக நடவடிக்கை எடுக்கக் கூடாது? மருத்துவமனைகளை முறைப்படுத்தும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் கையில்தானே இருக்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற விஷச்சாராயத்தில் இருந்தது மெத்தனால். அது பார்வை நரம்பையும், மூளையில் அசைவை ஆளும் புட்டாமென் பகுதியையும் சிதைக்கும். பிழைத்தவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற விறைப்பும் நடுக்கமும் வரலாம். இவர்களிடம் சேதமாவது டோபமினை வாங்கிக்கொள்ளும் இடமே என்பதால், சுரக்கும் செல்லை வைப்பதில் பொருளில்லை. நிவாரணப் பணம் வந்த வீடுகளைத் தேடி ஊசி வியாபாரம் வருமுன், பிழைத்த ஒவ்வொருவரையும் நரம்பியல் மருத்துவர் தொடர்ந்து பார்க்க ஏற்பாடு வேண்டும்.

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் கேள்வி இன்னும் எளியது. பார்க்கின்சனுக்கு இன்றும் முதல் மருந்து, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள லெவோடோபா-கார்பிடோபா. நாளுக்கு மூன்று நான்கு வேளை, நேரம் தவறாமல் விழுங்க வேண்டும். திடீரென நின்றால் உடம்பு மரக்கட்டையாகிவிடும். (பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு, ஆனால் அளவு விதைக்கு விதை மாறும், மாத்திரையை விட்டுவிட்டு அதை நம்ப முடியாது.) கை நடுக்கத்தை ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடும் மலைக் கிராமத்துப் பெரியவருக்கு முதலில் தேவை, நோயைக் கண்டு சொல்லும் மருத்துவர். அங்குள்ள வெள்ளிமலையில் மாதம் ஒரு நரம்பியல் முகாம் நடத்துங்கள். 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பையில் லெவோடோபாவும் இருக்கட்டும்.