மேல்காற்றும் கொண்டலும்



தஞ்சைக் கழனிகளிலே 60 ஆண்டுகள் வானம் பார்த்துப் பழகியவர் என் தந்தையார். மும்பைக்கு வந்து எம்முடன் தங்கிய முதல் ஜூன் மாதத்தில், ஒரு நாட்காலை பலகணியருகே நின்று, “மேல்காற்று வீசுகிறது, மழை இராது” என்றார். பேரன் குடையின்றிப் பள்ளி சென்றான். மாலையில் தெப்பலாக நனைந்து திரும்பினான். “தாத்தாவின் சோதிடம் பொய்த்துவிட்டது!” என்று நகைத்தான். அன்று முதல் அவர் வானத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மௌனம் என் உள்ளத்தை உறுத்தியது.

உண்மை யாதெனில், குறி பொய்க்கவில்லை, இடம் மாறிற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்திலேயே பெய்துவிட்டு, வறண்ட காற்றாகச் சோழநாட்டை அடைகிறது. அங்கே பெருமழை தருவது, ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலினின்று வரும் கொண்டல். மும்பைக்கோ கடல் மேற்கே, மலை கிழக்கே. ஆதலின், ஊரில் வறட்சி கூறும் அதே காற்று இங்கே மழையைக் கொணர்கிறது.

இதனை நிலப்படத்தில் காட்டியதும் மகன் தாத்தாவிடம் ஓடினான். “ஊரில் மழை வரப்போவது உங்களுக்கு எப்படித் தெரியும், தாத்தா?” என்றான். அவரும் மடை திறந்தாற்போல் பேசலானார்: முட்டை சுமந்து மேடேறும் எறும்பு, தாழப் பறக்கும் தும்பி, நிலவைச் சுற்றிய கோட்டை, அந்தி ஈசல். நிலவுக் கோட்டை, உயரத்து மெல்லிய முகிலிலுள்ள பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் தோன்றுவது. ஈசலோ, மண் நனைந்து காற்றில் ஈரம் மிகும் பொழுது புற்றினின்று புறப்படுவது. இக்குறி ஈரூருக்கும் பொது. ஊரில் ஐப்பசியில் விளக்கை மொய்ப்பது, இங்கே ஆனியிலேயே மொய்க்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஈசல் மழையைச் சொல்லலாம். அதன் அளவைச் சொல்லாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாட்களுக்கு, 1875 முதல் பணியாற்றிவரும் இந்திய வானிலைத் துறையின் அறிவிப்பே துணை.

இம்மாதம் தங்கள் இல்லத்து முதியோரிடம் ஒரு குறியேனும் கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எத்திசைக் காற்று என்பனவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். ஊர்ப்பெயரின்றி எழுதினால், நம் பிள்ளைகள் அதனைப் பொய்யென்று தள்ளிவிடுவர்.

என் தந்தையார் இப்பொழுது மீண்டும் பலகணியருகே நிற்கிறார். மேல்காற்று வீசினால், பேரனிடம் குடையை நீட்டுகிறார்.