மை வைத்த பிறகும் வேலை இருக்கிறது

தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியை நான். போகிற ஊரிலெல்லாம் பெரியவர்கள் காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். இளைஞர்கள் பலரைக் காணோம். எங்கள் ஊரில் என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால், "யார் வந்தா என்ன டீச்சர், எங்க தெருவுக்குத் தண்ணி வரப்போகுதா?" என்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதைக் காட்ட, யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்லும் நோட்டா 2013 முதல் இருக்கிறதுதான். ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயிப்பார்.

அதனால்தான் கிராம சபைக்கு வாருங்கள் என்கிறேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கூட்டம். ஊராட்சியின் வரவு செலவை அங்கே கேட்கலாம். சுதந்திர தினக் கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து குடிநீர்க் குழாய்ச் செலவைக் கேட்டாள். மழுப்பலான பதில்தான் வந்தது. ஆனாலும் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்த பிறகே உட்கார்ந்தாள். அடுத்த கூட்டம் அக்டோபர் 2. அவள் வருவாள், அவளோடு இன்னும் நாலு பேர் வர வேண்டும்.