புதுக்கடைக்குப் போக வேண்டிய பிள்ளைகள்

2024 மே மாதம், நமது நாட்சம்பளம் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் வழக்குக்குப் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை உத்தரவு கொடுத்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவில் வந்து நின்றது. இவ்வளவும் எந்த லயத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று இருக்கிறது. வர்த்தமானி போட்ட அரசாங்கத்துக்காக நீதிமன்றத்தில் எழுந்து பேசும் பொறுப்பு யாருடையது? சட்டமா அதிபர் திணைக்களத்தின் அரச சட்டவாதிகளுடையது. அமைச்சர், ஆணையாளர் நாயகம் ஆகியோரின் தீர்மானங்களை எவர் வழக்கில் இழுத்தாலும், அவற்றைத் தாங்கிப் பேசுவது புதுக்கடையில் இருக்கும் அந்தக் கந்தோர்தான்.

அந்தச் சட்டவாதி மன்றில் எழுந்து நிற்பதற்கு முன்பு பல நாள் வேலை நடக்கிறது. கோப்பை வாசித்துத் திகதி வாரியாக நடந்ததை எழுத வேண்டும். பழைய தீர்ப்புகளைத் தேட வேண்டும். எதிர்த்தரப்பு சத்தியக் கடதாசியில் சொன்ன ஒவ்வொரு கணக்கையும் சரிபார்க்க வேண்டும். இந்த வேலையில் பயிலுநர்களாக இருக்கும் சட்ட மாணவர்களும் கைகொடுக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்திருந்தாலும் சரி, சட்டக் கல்லூரியில் நேரே சேர்ந்திருந்தாலும் சரி, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்வதற்கு முன் அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதம் பயில வேண்டும் என்பது விதி. சிலர் தனியார் சட்டத்தரணிகளிடம் போகிறார்கள். சிலர் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டவாதிகளின் கீழ் பயில்கிறார்கள். இடம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் தெரிந்தவர் மூலம்தான். அப்பாவின் நண்பர், மாமாவின் சீனியர், படித்த பாடசாலையின் பழைய மாணவர். நம் பிள்ளைகளின் மாமாமார் தொழிற்சாலையிலும் மலையிலும் நிற்கிறார்கள்.

நம் பிள்ளைகள் அந்த மேசையில் இருந்தால் என்ன மாறும் என்று ஒரு தோட்டத் தலைவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு சின்ன விஷயத்தில் இருந்து பதில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற ஓர் அம்மாவின் சேமலாப நிதிக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ராமாயி. செக்ரோலில் ராமாய். அடையாள அட்டையில் ராமையா ராமாயி. கலியாணத்துக்குப் பிறகு தோட்ட ஆபிஸில் யாரோ ஒரு கிளாக்கர் புருஷன் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டார். நான்கும் ஒரே ஆள் என்று அந்த லயத்தில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கொழும்பில் அந்தக் கோப்பைப் பிரிக்கும் ஒருவருக்கு நான்கு பேர் தெரிகிறார்கள். “ஆளடையாளம் உறுதிப்படுத்தப்படவில்லை” என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். அவர் மேல் பழி சொல்ல முடியாது, அவருக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. கோப்பு திரும்பி வரும், கிராம சேவகர், சத்தியக் கடதாசி, மறுபடி கொழும்பு என்று அலைச்சல். இதில் ஒரு வருடம் போகும். சில அம்மாமார் அந்தக் காசைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அரைப்பேர் என்ற சொல்லையும் பாருங்கள். காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று, சொன்ன கிலோ வரவில்லை என்றால் பாதி நாள் சம்பளம் எழுதுகிறார்கள். கம்பனியின் கடதாசியில் இது “வருகை நாட்கள் குறைவு” என்று வருகிறது. சட்டம் மட்டும் படித்த ஒருவர் இதை வாசித்தால், தொழிலாளி வேலைக்கு வரவில்லை என்றுதான் விளங்கிக்கொள்வார். மலையில் தாய் நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்த வரியில் பேனையை நிறுத்தும். செக்ரோலை அழைப்பிக்கச் சொல்லும். ஒரு வழக்கு திரும்புவதற்குச் சில சமயம் அந்த ஒரு கேள்வி போதும்.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் பேசுவோம். “சர்க்கார் வக்கீல் ஆபிஸா? நமக்கு எதிராக நின்றவர்கள் அவர்கள்தானே?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பொய்யில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் வாக்குரிமை போனபோது, கேகாலை மாவட்டத்தில் கோடகன் பிள்ளை என்ற ஒருவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கச் சொல்லிப் போராடினார். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அரச தரப்பு உயர் நீதிமன்றம் போய் அதை உடைத்தது. வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போய் 1953இல் தோல்வியில் முடிந்தது. அந்த வாதங்களை எழுதிய மேசைகளில் நம் ஆள் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1953இல் சட்டம் படித்த பிள்ளை ஒன்று லயத்தில் கிடையாது. இன்று இருக்கிறது. அது பெரிய வித்தியாசம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அங்கே போவது நமக்குத் துப்புச் சொல்ல அல்ல. அரச கோப்பில் வாசித்ததை வெளியில் பேசக்கூடாது, சங்கத்துக்கும் சொல்லக்கூடாது. ஊரில் வந்து “எங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது?” என்று யாரும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடிக்காதீர்கள். வாயைத் திறந்தால் தொழிலே போய்விடும். சங்கத்துக்குக் கிடைக்கும் இலாபம் பிறகு வருகிறது. ஒரு கோப்பு எப்படி நகர்கிறது, எந்த இடத்தில் தூங்குகிறது, எந்தக் கடிதம் அதை எழுப்புகிறது என்று தெரிந்த ஒரு சட்டத்தரணி ஹட்டனிலோ பதுளையிலோ பலகை மாட்டும்போது.

தொழில் நியாய சபையில் வேலைநீக்க வழக்குப் போட ஆறு மாதம்தான் அவகாசம். உறுப்பினருக்காகச் சங்கமே மனு போடலாம், சங்கப் பிரதிநிதியே பேசலாம். நாம் அப்படித்தான் செய்து வருகிறோம். ஆனால் மறுபக்கம் கம்பனி சட்டத்தரணி குறுக்கு விசாரணைக்கு எழும்பும்போது நம் பிரதிநிதியின் குரல் இறங்குவதைப் பார்த்திருக்கிறோம்.

தடை எங்கே என்றால், படிப்பில் இல்லை, சோற்றில் இருக்கிறது. பயிலும் ஆறு மாதத்துக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. கொழும்பில் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் காசு, நீதிமன்றத்துக்கு ஏற்ற உடுப்பு எல்லாம் வேண்டும். 2024 செப்டெம்பரில் வந்த 1350 ரூபாப்படி 25 நாள் முழுப்பேர் விழுந்தபோதும் 33,750 ரூபாதான் வந்தது. அதில் சேமலாப நிதி, சந்தா, தீபாவளி முற்பணக் கழிவு போக என்ன மிஞ்சியது என்று உங்களுக்குத்தான் தெரியும். நான் படிப்பித்த ஒரு பிள்ளை சட்டப் படிப்பை முடித்துவிட்டு இப்போது புடவைக் கடையில் பில் போடுகிறது. பயிற்சிக்கு “அடுத்த வருஷம் போறேன் டீச்சர்” என்று சொல்லி இரண்டு வருடமாகிறது.

மொழி விஷயத்தில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஏற்பாட்டை 2023இல் நாடாளுமன்றம் தோற்கடித்தது. தமிழில் எழுதும் வழி அடைபடவில்லை. ஆனாலும் புதுக்கடைக் கோப்புகளில் ஆங்கிலமும் சிங்களமுமே அதிகம். இரண்டிலும் பிள்ளைகள் இப்போதே கைவைக்க வேண்டும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்றத்தில் தமிழைப் பயன்படுத்தவும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் உரிமை தருகிறது. அந்த மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க மூன்றும் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே அடுத்த மாவட்டச் செயற்குழுவில் இந்தத் தலையங்கத்தின் சார்பில் ஒரு பிரேரணை வருகிறது. சந்தாப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, வருடத்துக்கு இரண்டு சட்ட மாணவர்களின் ஆறு மாத அறை வாடகையையும் சாப்பாட்டையும் சங்கம் பொறுப்பேற்க வேண்டும். எந்தச் சங்கத்துப் பிள்ளை என்று பார்க்கக்கூடாது; அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருவராவது பெண் பிள்ளையாக இருக்க வேண்டும். அதோடு, சட்டமா அதிபர் திணைக்களத்துக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் தொழில் திணைக்களத்தின் சட்டப் பிரிவுக்கும் எழுத்தில் கேட்க வேண்டும்: பயிலுநர் இடங்களைத் தமிழிலும் பகிரங்கமாக அறிவியுங்கள், பயணப்படியாவது கொடுங்கள், மலையகத்தில் உள்ள உங்கள் அலுவலகங்களிலும் பிள்ளைகளை எடுங்கள். சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானதே காசில்லாதவர்களுக்காகத்தான். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அங்கே ஒரு கதிரை கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

“மலசலகூடமே இல்லாத லயத்துக்கு வக்கீல் எதற்கு?” என்று செயற்குழுவில் ஒரு குரல் வரும். வரட்டும். அந்த மலசலகூடத்துக்காக நாம் எழுதிய கடிதங்கள் எந்தெந்தக் கோப்பில் கிடக்கின்றன என்று அவருக்கு நான் கணக்குக் காட்டுகிறேன்.

சட்டக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ சட்டம் படிக்கும் பிள்ளைகள், படித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகாமல் நிற்கும் பிள்ளைகள், பெயரையும் தோட்டத்தையும் உங்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ இந்த மாதம் முடிவதற்குள் கொடுங்கள். பெற்றோருக்குத் தயக்கம் இருந்தால் நான் வீட்டுக்கு வந்து பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை முடிந்த பிறகு வந்தால் எல்லோரும் இருப்பீர்கள்.