பட்டம் உண்டு, பணி எங்கே?

வெளிநாட்டுப் பட்டம் பெற்றால் வேலை தேடி வரும் என்பது பல குடும்பங்களின் நம்பிக்கை. பிரிட்டனிலோ இன்று பட்டம் கைக்கு வந்த பிறகுதான் சோதனையே தொடங்குகிறது.

படிப்பை முடித்த அயல்நாட்டு மாணவர்கள் ஈராண்டு தங்கி வேலை பார்க்க, 2021 ஜூலையில் அந்நாடு வழிவகுத்தது. நம் மாணவர்கள் திரளாகச் சென்றனர். ஆனால், அதன் பின்னரும் தங்குவதற்கான வேலை விசாவுக்குரிய பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 பவுண்டிலிருந்து 2024 ஏப்ரலில் 38,700 ஆகவும், 2025 ஜூலையில் 41,700 ஆகவும் உயர்த்தப்பட்டது. புதிய பட்டதாரிகளுக்குச் சலுகை உண்டு. அதுவும் 33,400 பவுண்டு! அனுபவமற்ற ஒருவருக்கு இவ்வளவு கொடுத்து, விசாச் செலவையும் ஏற்க எத்தனை நிறுவனங்கள் முன்வரும்?

இங்கே வங்கி காத்திருப்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டானதும் பொதுவாகத் தவணை தொடங்கிவிடுகிறது. பெருந்தொகைக் கடனென்றால் பெரும்பாலும் வீடோ நிலமோ அடமானம். பிள்ளை வெறுங்கையுடன் திரும்பினால், பவுண்டுக் கணக்கில் செலவழித்த கடனைப் பெங்களூரில் கிடைக்கும் ரூபாய்ச் சம்பளத்தில் அடைக்க வேண்டும்; அதுவும் போதாவிட்டால் தந்தையின் ஓய்வூதியத்தில் கைவைக்க வேண்டும்.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முகவர்கள் சேர்க்கைக்குத் தரகு பெறுகிறார்கள். வேலைக்கு அவர்கள் பொறுப்பல்லர். எனவே, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்குமுன், பல்கலைக்கழகத்தின் பெயரோடு, அப்படிப்புக்கு அங்கே தொடக்கச் சம்பளம் என்ன என்பதையும் பெற்றோர் விசாரித்தறிவது நலம்.